மாப்பிள்ளையின் தாடி

ராஜராஜேஸ்வரிக்குச் சந்தேகம் என்பது மூச்சு மாதிரி. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பாள். பூக்காரி கூடுதலாக ஒரு முழம் கொடுத்தால் பூ நேற்றையது என்று முடிவு கட்டுவாள். அண்ணாமலையார் கோயிலில் முறை பார்க்கும் அவள் கணவர் தண்டாயுதபாணி குருக்கள், வீட்டுக்கு வந்து சிரித்தபடி செருப்பைக் கழற்றினால்கூட, "என்ன நடந்தது?" என்றுதான் கேட்பாள். அவர் சிரிப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டார்.

இப்போது அவளுடைய சந்தேகமெல்லாம் மாப்பிள்ளை சோமேஷ் மேல் இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று மகள் தேவசேனாவோடு திருவண்ணாமலைக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. வந்தவர் தாடியோடு வந்தார். வேறு ஊரில் தாடி என்றால் சோம்பேறித்தனம், இல்லாவிட்டால் ஃபேஷன். இந்த ஊரில் அப்படியா? செங்கம் ரோட்டில் ஒரு நடை போனால் போதும். நல்ல வேலையை விட்டு, கட்டின பெண்டாட்டியை விட்டு, தாடி வளர்த்து, வாடகை அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! எல்லோருக்கும் ஆரம்பம் தாடிதான்.

மாப்பிள்ளையும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடைக்குத்தான் தினமும் போனார். அங்கே காவி கட்டிய ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். போன மாதம் சொந்தச் சித்தப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுக்காமல் ஒதுங்கி நின்றார். பந்தத்தை அறுக்கிறவன்தான் அப்படி நிற்பான். இரண்டு முறை கரு கலைந்து நொந்துபோன பெண், இவரும் போய்விட்டால் என்ன ஆவாள்? இதை நினைத்தால் ராஜராஜேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

தை அமாவாசைக்குக் கடல் ஸ்நானம் போகலாம் என்று ஏற்பாடு செய்தவள் அவள்தான். அவளுக்குக் கடலே பிடிக்காது. மலை இருந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிறது. கடல் அப்படியா? காலடியில் இருக்கிற மண்ணையே நைசாக உருவிக்கொண்டு போகிறது. ஆனால் மாப்பிள்ளைக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கடலிலும் இறங்கவில்லை என்றால் பிள்ளை கைவிட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம்.

புதுச்சேரி தாண்டி ஒரு குப்பத்தருகே வேன் நின்றது. குருக்கள் கிழக்கே பார்த்து நின்று, முங்கி எழுந்து, தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு, வேட்டியில் ஒட்டிய மணலைத் திட்டியபடி கரையேறிவிட்டார். அவருடைய தங்கை தர்மாம்பாள் அதற்கு நேர்மாறு. மடிசார் உப்ப, ஒவ்வொரு அலைக்கும் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டு, ஐம்பது வயதை வேனிலேயே விட்டுவிட்டு வந்தவள் போலக் குதித்தாள். வேன் ஓட்டி வந்த கலீல் ரஹ்மான், கடலுக்கு முதுகைக் காட்டி வேன் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"பாய், நீங்க இறங்கலையா?" என்றாள் ராஜராஜேஸ்வரி.

"எனக்குக் காத்து மட்டும் போதும்மா. தண்ணியில எறங்குனா உப்பு ஜாஸ்தி, மண்ணு ஜாஸ்தி. சீட்டையெல்லாம் நான்தானே கழுவணும்?"

தேவசேனா தலைவலி என்று வேனுக்குள்ளேயே படுத்துவிட்டாள். அழுகிறாள், வேறென்ன! சோமேஷ் அலை எட்டாத தூரத்தில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவன் இலையைப் பார்ப்பது போன்ற பார்வை.

ராஜராஜேஸ்வரி முழங்காலளவு இறங்கி, சொம்பில் கடல்நீரை மொண்டுகொண்டு நேராக அவரிடம் போனாள்.

"மாப்பிள்ளை, அமாவாசையும் அதுவுமா இவ்வளவு தூரம் வந்துட்டு... தலையில ரெண்டு சொட்டாவது தெளிச்சுக்கோங்கோ."

கொதிநீரைக் கண்டவர் போல அவர் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம் மாமி. ப்ளீஸ்."

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "சன்னியாசம் வாங்கிக்கப் போறேளா? என்கிட்ட மறைக்காதேள். என் பொண்ணை என்ன பண்றதா உத்தேசம்?"

சோமேஷ் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"சன்னியாசமா? மாமி, தேவசேனாவுக்கு நாலாம் மாசம்."

கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் மணலில் கொட்டியது. தாடி, பாடை, கடல். பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முடி எடுக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது. குருக்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதா? பூணூலையே குளியலறை ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோகிற பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கவில்லை. எல்லாச் சந்தேகமும் மாப்பிள்ளை மேலேயே இருந்ததில், தொளதொளவென்ற சுடிதாரில் தன்னெதிரே நடமாடிய மகளை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

"நீங்க இதையெல்லாம் நம்பமாட்டேளே?" என்றாள்.

"இப்பவும் நம்பலை." அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டாவது தடவை கலைஞ்சப்போ, ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க மாமாகிட்ட சொன்னேள். 'இந்தப் பிள்ளை கடல்ல போய் ஆட்டம் போட்டுட்டு வந்தது, அதான் தங்கலை'ன்னு. நான் பின்னாடிதான் மாத்திரை வாங்கிண்டு நின்னுண்டிருந்தேன். நம்பிக்கையெல்லாம் இல்லை மாமி. பயம். அவளுக்கும் பயம். அதான் யார்கிட்டயும் சொல்லலை."

சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னபோது துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்த ஆறுதல்கூட இருந்தது. இப்போது அந்த வார்த்தையை வாரி விழுங்கிவிடத் துடித்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், ஈரப் புடவையோடு அவருக்கு முன்னால் கடலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மன்னி!" தண்ணீருக்குள்ளிருந்து தர்மாம்பாள் கூவினாள். "மாப்பிள்ளை ஏன் இறங்கலை? ஏதாவது மனஸ்தாபமா?"

"அவருக்கு ஜலதோஷம்!" ராஜராஜேஸ்வரி திரும்பிக் கத்தினாள். "நீ உன் வேலையைப் பாரு!"

பிறர் பொய்யை மோப்பம் பிடித்தே காலம் தள்ளியவளுக்கு இந்தப் பொய் தடுமாற்றமில்லாமல் வந்தது. சோமேஷ் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை.

கிளம்பும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அலை சற்றுப் பெரிதாக எழும்பினால் மாப்பிள்ளையைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னாள். தர்மாம்பாள் தலையைத் துவட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தபோது, சொட்டுகிற அந்தக் கூந்தலைச் சந்தேகத்தோடு பார்த்து, "அங்கேயே நில்லு, கிட்ட வராதே" என்றாள்.