பட்டியலில் எழுதாத பாவம்

1989 அக்டோபர் 16, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு ஜெபம், அரைமணி நேரம். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்துக் கொடுத்தேன். ஏழே காலுக்கு நாலு இட்லி. ஏழு ஐம்பது பஸ்ஸில் ஏறி, எட்டு இருபத்தைந்துக்கு அருள்புரத்தில் கம்பெனிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். வயது நாற்பத்தொன்று. இத்தனையும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து தினமும் எழுதுகிறவன் நான். பகல் பன்னிரண்டரைக்கு நான் செய்த தவறு மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை.

அதை இப்போது சொல்கிறேன். சபையாரே, குளிர்ச்சியான சாட்சி கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. முதலில் என்மேல். அப்புறம் நம்மில் சிலர்மேலும்.

பனியன் துணி வண்டியிலிருந்து இறங்கியதும் வெட்டக் கூடாது. சுருட்டும்போது அது இழுபட்டிருக்கும். பிரித்து, தளர விரித்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்கவிட வேண்டும். அப்போதுதான் தன் அளவுக்குச் சுருங்கி நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எவருக்கும் தெரிந்துவிடும் பாடம் இது. அன்று காலையில் வரவேண்டிய துணி பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது. தொட்டால் சுட்டது. தீபாவளி நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சரக்கு லாரி ஏற வேண்டும். முதலாளி என்னை அவசரப்படுத்தவில்லை. யாருமே அவசரப்படுத்தவில்லை. சொன்ன நாளுக்கு வேலை முடிக்காதவன் என்று ஒருநாளும் பேர் வாங்கியதில்லை என்ற என் பெருமைதான் என்னைப் பிடித்துத் தள்ளியது. பன்னிரண்டரைக்கு அடுக்கிப் போட்டு வெட்டினேன்.

வியாழக்கிழமை செக்கிங்கில் அளந்து பார்த்தார்கள். தைத்தவை எல்லாம் ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டை. முதலாளி ஒரு பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார்.

"யாரு மாஸ்டர் இந்த வேலையைப் பண்ணுனது?"

ஓவர்லாக் மெஷினில், துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் கத்தி ஒன்று உண்டு. துணியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுத்தால் அதிகமாக வெட்டிவிடும். பொய் என் வாயில் தயாராக இருந்தது. "ஓவர்லாக்ல ஓரத்தை ஜாஸ்தியா விட்டுட்டாங்க" என்றேன். யார் என்று கேட்டார். பழனியம்மாளைக் காட்டினேன். ஏன் அவள்? அந்த வரிசையில் எதிர்த்துப் பேசத் தெரியாதவள் அவள்தான். இதைவிடக் கேவலமான காரணம் உண்டா, சொல்லுங்கள்.

"நான் அளவாத்தான் தைச்சனுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துப் புரட்டி, "திங்கட்கிழமை வெட்டியது, அளவு சரி" என்று படித்துக் காட்டினேன். வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருந்தது. பிசாசுக்கு அரை உண்மை போதும். அன்று சாயங்காலமே அவளை நிறுத்திவிட்டார்கள். துணியைக் கெடுக்கிற கை என்று மற்றக் கம்பெனிகளுக்கும் பேச்சுப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினாள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஊரில் அவளைக் காணவில்லை.

அதே சாயங்காலம் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்து நின்று, இந்த நாளைப் பத்திரமாக நடத்தினதற்காக ஸ்தோத்திரம் செலுத்தினேன். என் மனைவி எஸ்தர் உட்பட எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. வாயிலே ஸ்தோத்திரம், வயிற்றிலே ஒரு பெண்ணின் பிழைப்பு.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. 1992 பிப்ரவரி 2, ஞாயிறு. ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்களைப் போதகர் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். எங்கள் சின்னச் சபையில் ஒரு வழக்கம். தண்ணீரில் நிற்கும்போது போதகர் கேட்பார், "எந்தப் பாவத்துக்குச் செத்தீங்க?" பொதுவாக நான் பாவி என்று சொன்னால் விடமாட்டார். பேர் சொல்ல வேண்டும். என் சுபாவப்படி நான் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனேன். ஒன்று முதல் பதினாலு வரை எண் போட்டு, சினிமா, வெற்றிலை, மாமனாரிடம் பேசாமல் இருந்தது, ஓய்வுநாளில் ரேடியோ என்று வரிசையாக.

போதகர் முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாலும் சின்னச் சின்னதா இருக்குதுங்களே பிரதர். பெருசை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பெரியவனை, ஒழுங்காக வாழ்கிறவனை, இப்படியா கேட்பது? தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் எங்கள் சபை மூப்பர் நின்றிருந்தார். அவரிடம் மட்டும் பழனியம்மாள் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார். "அட, அதெல்லாம் தண்ணீல போயிருமுங்க. பேசாம முங்கி எந்திரிங்க. வெள்ளை வேட்டி எடுத்தாச்சா? போட்டோவுக்கு நான் சொல்லி வெச்சுட்டேன்."

தண்ணீரில் போய்விடுமாம்! அவள் பேர் எந்தத் தண்ணீரில் வந்து சேரும்? இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் மன்னியுங்கள். நம்மில் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்பது கல்யாணத்துக்கு ஒரு சர்டிபிகேட், ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு பிரியாணி! வேதம் அதைச் சாவு என்கிறது. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவது என்கிறது. குளியல் என்று சொல்லவில்லை. பிணத்துக்கு மானம் ஏது? எனக்கோ மானம் முழுசாக இருந்தது. உயிரோடு இருக்கிறவனைப் புதைக்கச் சொல்லிப் பேர் கொடுத்திருந்தேன்.

மறுநாள் நாட்குறிப்பைத் திறந்தேன். எழுத முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. பிப்ரவரி 3 முதல் 13 வரை பதினொரு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அம்மா இறந்த அன்றுகூட எழுதினவன் நான். சாப்பாடு இறங்கவில்லை. எஸ்தர் கேட்டாள், "ஏனுங்க, ஒடம்புக்குச் சரியில்லீங்களா?" அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் அன்னைக்கு ஆமென் சொன்னேனுங்களே" என்றாள். அழுதாள்.

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை இருவரும் முழங்காலில் நின்றோம். ஒரே ஒரு ஜெபம். "ஆண்டவரே, அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும். அவளிடம் போகிற தைரியத்தைத் தாரும்." அவள் ஊர் எது என்றுகூட எனக்குத் தெரியாது. கம்பெனியில் ஒருவரிடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வாய் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பதினொன்றே காலுக்கு அயர்ன் மாஸ்டர் ஜாபர் பாய் தானாக வந்து என் மேசையில் கையை ஊன்றினார். மூலனூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்திருந்தார்.

"மாஸ்டர், நம்ம பழனியம்மா இருந்துச்சுல்ல, மூலனூர்ல முருங்கைக்காய் மண்டீல கட்டு கட்டிட்டு இருக்குது. என்னையப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் என்னங்க பண்ணுனேன் அதுக்கு?"

என் கையிலிருந்த சாக்கட்டி கீழே விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கம்பெனியில் ஒருவர் வாயிலும் வராத பேர், ஜெபித்த மறுநாள் என் மேசைக்கு வந்தது. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் மூலனூருக்குப் பஸ் ஏறினேன். மண்டியில் காய்க் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"முருங்கைக்காய் வாங்கவா மாஸ்டர் இத்தனை தூரம்?"

நின்றபடியே சொன்னேன். துணியை அன்றைக்கே வெட்டியது, பழியை அவள்மேல் போட்டது, எல்லாம்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. வண்டியில இருந்து துணி எறங்குனது மத்தியானம். சாயங்காலம் வெட்டுன பீஸ் என்ற மெஷினுக்கு வந்துருச்சு. நாலு வருசம் தைச்சவளுக்கு இது தெரியாதுங்களா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? நீங்க டைரி எழுதற மனுசன். நான் கைநாட்டு."

"என்னை மன்னிச்சுக்கோ கண்ணு. நான் ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு முன்னால..."

"கண்ணுன்னு கூப்புடாதீங்க." முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க தண்ணீல முங்கறதுக்கு நான் கரையில நின்னு துண்டு புடிக்கோணுமாக்கும்? நூறு பேரு முன்னால என்ற பேரைக் கெடுத்தீங்க. எங்கிட்ட மட்டும் ரகசியமா வந்து சொன்னா ஆச்சுங்களா? அதே நூறு பேரு முன்னால போயிச் சொல்லுங்க. அப்பறம் முங்குங்க, முங்காமப் போங்க, எனக்கென்ன?"

செய்ததைப் பேர் சொல்லி எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள் என்று போதகர் கேட்டதைத்தான் அவளும் கேட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். வேலை போய்விடும், இந்த வயதில் எனக்கு யார் கட்டிங் மேசை கொடுப்பார்கள் என்றேன். முதலாளி மனதை இளக்கும் என்று கெஞ்சினேன்.

பிப்ரவரி 17, திங்கள், காலை பத்தரை. டீ வந்தது. மெஷின்கள் நின்றன. நான் கட்டிங் மேசைப் பக்கமிருந்து ஹாலின் நடுவுக்கு வந்தேன். சத்தமாகச் சொன்னேன். "1989 அக்டோபரில் பனியன் குட்டையானதற்குக் காரணம் நான். துணியை ஆறவிடாமல் வெட்டினேன். பழனியம்மாள்மேல் சொன்னது பொய்."

முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் மனது இளகவில்லை. "கிறுக்குப் புடிச்சுருச்சுங்களா உங்களுக்கு? எப்பவோ முடிஞ்சு போன கதையை எதுக்குக் கெளறறீங்க? அல்லாரும் போயி மெஷின்ல உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. ஆனால் ஒரு மெஷினும் ஓடவில்லை. ஓவர்லாக் வரிசையில் எட்டுப் பெண்களும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள், சரோஜா, எழுந்தாள். "பழனியம்மாளைக் கூப்புடுங்க மொதலாளி. அது வர்றேன்னு சொல்லட்டும், நாங்க ஓட்டறமுங்க." ஜாபர் பாய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

இவர்களில் ஒருவர்கூட நம் கூட்டத்துக்கு வந்தவரல்ல. பழனியம்மாளை நிறுத்திய அன்றைக்கு இவர்கள் வாய் திறக்காதது என் வாய்க்குப் பயந்துதான். நான் ஒருவனுடைய மனதை மாற்றக் கேட்டேன். தேவன் ஒன்பது பேரை எழுப்பினார். முதலாளி அரைமணி நேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில், "அந்தப் புள்ளையை வரச் சொல்லுங்க. நீங்க இனி மாஸ்டர் இல்லீங்க. பண்டல் தூக்கறதுன்னா இருங்க, இல்லாட்டிக் கெளம்புங்க" என்றார். இருக்கிறேன் என்றேன். சரோஜாவே மூலனூருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மார்ச் இரண்டாம் தேதி வருவதாகப் பதில் வந்தது.

மார்ச் முதல் தேதி எனக்கு ஞானஸ்நானம் என்று போதகர் நாள் குறித்தார். இடையில் கம்பெனியில் கேலிக்குக் குறைவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை சாகப் போறாராமா. மாலை எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று ஜாபர் பாய் கேட்டார். "எடுத்துட்டு வாங்க பாய், பாதி செத்தாச்சு" என்றேன். பல வருஷங்களுக்குப் பின் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 1, ஞாயிறு. நொய்யலில் இறங்க முடியாது. ஆறு அன்றைக்கு என்ன நிறம் என்பது கம்பெனிகள் அந்த வாரம் என்ன நிறத்துக்குச் சாயம் போட்டன என்பதைப் பொறுத்தது. நெருப்பெரிச்சலில் ஒரு விசுவாசியின் தோட்டத்துத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மார்பளவு. போதகர் கேட்டார், "எந்தப் பாவத்துக்குச் செத்தீங்க?" கையில் தாள் இல்லாமல் பதில் சொன்னேன். "ஒரு பெண்ணின் பேரைக் கொன்ற பொய்க்கும், அதைச் செய்யவைத்த பெருமைக்கும்." அவர் என்னை அழுத்தினார். தண்ணீர் காதை அடைத்தது. ஒரு நொடிதான். எழுந்தபோது எஸ்தர் அழுதுகொண்டிருந்தாள். மூப்பரின் போட்டோக்காரர், நல்லவேளை, வரவில்லை.

இதைக் கேட்கிறவர்களே, ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் யாருக்குத் துரோகம் செய்தீர்களோ அவர் வாசலுக்கு முதலில் போங்கள். வழி தெரியாவிட்டால் ஆண்டவரிடம் கேளுங்கள், காட்டுவார். எனக்குக் காட்டினார். பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அதையும் கேட்பார். என் வேலையின் மதிப்புப் போயிற்று, உண்மைதான். ஆனால் பயம் செத்துவிட்டது. இதற்குமேல் யாரும் என்னிடம் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்கிற நிம்மதியை எனக்குத் தந்தவருக்கு உயிருள்ளவரை நன்றி.

மறுநாள், மார்ச் 2, திங்கட்கிழமை. எட்டரைக்கு மணி அடித்தது. பழனியம்மாள் வந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. முதல் வேலையாக நான் ஒரு பண்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவள் மெஷின் அருகே இறக்கினேன். அவள் உடனே தைக்க எடுக்கவில்லை. கட்டை அவிழ்த்தாள். டேப்பை எடுத்து, என் கண்முன்னாலேயே ஒவ்வொரு பீஸாக அளக்க ஆரம்பித்தாள். அவள் அளந்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.