சாட்சிக்கு வைத்த சீழ்

எங்கள் ஊர் குடிகாட்டில் எதையும் காற்றின் தலையில் போட்டுவிடலாம். தென்னையில் குரும்பை கொட்டினாலும், மருமகளுக்குத் தலை வலித்தாலும், தொழிற்பேட்டைப் புகைதான் காரணம். பாதி நாள் அது உண்மையும்கூட. மீதி நாள்தான் சிக்கல்.

எங்கள் மோட்டார் கொட்டகையில் ஒரு தெருப்பூனை மூன்று குட்டி போட்டது. திறந்த கண்கள் சில நாளிலேயே மறுபடி ஒட்டிக்கொண்டன. ஆறில் ஐந்து. இமையோரம் மஞ்சள் சீழ், மூக்கில் ஒழுக்கு. சின்னக் குட்டிக்கு வலது இமை புடைத்தே இருந்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சான், என் மனைவியின் தம்பி, கம்பெனிகள்மீது மனு எழுதியே தலை நரைத்தவர். வந்து பார்த்துத் தீர்ப்பு சொன்னார்.

"கம்பெனி காத்துதான் மாமா. காத்து திரும்புனா கண்ணு தானா தொறந்துக்கும்."

சீழைத் துடைக்கக் கூடாதாம், அதுதான் சாட்சியாம். போட்டோ எடுத்து அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டுமாம். வெளிச்சம் போதவில்லை என்று அதையும் மறுநாளைக்குத் தள்ளினார்.

மறுநாள் காற்று திரும்பியது. கண் திறக்கவில்லை. மனைவி யாரையும் கேட்காமல் குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்தாள். கடலூரில் கால்நடை மருத்துவர் மாடுகளுக்கு ஊசி போடக் கிராமத்துக்குப் போயிருந்தார். சிதம்பரம் பஸ் ஏறினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, பொருக்கை ஊறவைத்து, இமைகளை மெல்லப் பிரித்தார். சின்னக் குட்டியின் வலது கண்ணிலிருந்து சீழ் பிதுங்கி வழிந்தது. இது கிருமித் தொற்று, தாயிடமிருந்தே வந்திருக்கும், புகையால் கண் எரியலாம், இப்படிச் சீழ் கட்டாது என்றார்.

"தொடைக்காம ஏன் வெச்சிருந்தீங்க?"

"சாட்சிக்கு" என்றேன்.

எனக்கும் ஏதாவது மருந்து எழுதலாமா என்பதுபோல் பார்த்தார். மூடிய இமைக்குள் சீழ் தங்கினால் கருவிழி கெட்டுவிடுமாம். "அந்த வலது கண்ணப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

எடை போட்டு, அதற்கேற்ற துளிக்கணக்கில் குடிக்க மருந்து, கண்ணுக்குக் களிம்பு. ஆறு கண்ணுக்கு ஆறு பஞ்சு. கண் திறந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நாம் விழுங்கும் காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம்.

வீடு திரும்பியதும் மச்சான் வந்தார். குட்டிகளின் துடைத்த முகங்களைப் பார்த்து, கேஸையே கெடுத்துவிட்டதாக அக்காவிடம் வருத்தப்பட்டார். அவள் களிம்பு டியூபை அவர் கையில் திணித்து, ஒரு குட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவருக்கு உடனே வேறு வேலை வந்துவிட்டது.

மற்ற கண்கள் சீக்கிரமே தெளிந்தன. அந்த வலது கண் கடைசியாகத் திறந்தது, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டோடு. பார்வை உண்டா என்று அறிய, இடது கண்ணை மறைத்துவிட்டு விரலை ஆட்டினேன்.

நகம் நேராக விரலில் இறங்கியது.

குறி தப்பவில்லை. மனைவியைக் கூப்பிட்டு ரத்தத்தைக் காட்டினேன்.