மண் தட்டில் குந்திய ராஜா

குழந்தைகளே, மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ராஜா என்றொரு ஆண் பூனை இருக்கிறது. ஒருநாள் காலை அது ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வைத்திருக்கும் மண் தட்டில் முதுகை வளைத்துக் குந்தியது. எழுந்து போனது, மறுபடியும் வந்து குந்தியது. “ஐயா தவம் பண்றாரு” என்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தேன்.

என் மகள் மீனா சிரிக்கவில்லை. தட்டை எட்டிப் பார்த்தாள். “நைனா, மண்ணு காஞ்சி கீது. அது ஒண்ணுக்கே போவல. நீ இன்னா சிரிச்சிக்கினு கீற?”

அதன் வயிற்றைத் தொட்டேன். ராஜா வலியில் கத்தியது. கூடையில் வைத்துக்கொண்டு அடையாறில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

“சிறுநீர் அடைச்சிருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டிருந்தா உயிரே போயிருக்கும்” என்றார் அவர். அடைப்பை எடுத்துவிட்டு, சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ராஜா என் மடியை நனைத்துவிட்டது. “ஒண்ணுக்குப் போயிட்டான் நைனா!” என்று மீனா கைதட்டினாள். ஆட்டோக்காரர் திரும்பி முறைத்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

வலிக்கிறது என்று பூனை சொல்லாது. உட்காரும் விதத்தில்தான் காட்டும். இப்போதெல்லாம் ராஜா புதுவிதமாக உட்கார்ந்தால், நான் முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.