கனடா நேரத்தில் ஓடிய வீடு

மச்சாளின் வீட்டு முன்னறையில் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்று கொழும்பு நேரம், மற்றது கனடா நேரம். கொழும்பு மணிக்கூடு நின்றுபோனால் பற்றரி மாற்ற ஒரு கிழமை செல்லும். கனடா மணிக்கூடு கொஞ்சம் பிந்தினாலும் மச்சாள் கதிரை போட்டு ஏறிவிடுவார். வெள்ளவத்தையில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் இது புதினமில்லை. அவருடைய மகன் அங்கே காலையில் வேலைக்குப் புறப்படும்போது எடுக்கும் அழைப்பு இங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு வரும். அதற்கு முன் தேநீர், அதற்குப் பின் சாமி விளக்கு. அங்கே பனிக்காலம் வந்து அவர்கள் நேரத்தை மாற்றினால் எங்கள் வீட்டில் விளக்கு எரிவதும் ஒரு மணித்தியாலம் பிந்தும். பிள்ளையாரும் கனடா நேரத்தில்தான் இருந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. என்னவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் வாழ்ந்து அங்கேயே கண்ணை மூடினார். பிள்ளையில்லாத என்னை மச்சாள்தான் தன்னோடு கூட்டிவந்தார். மகன் காசு அனுப்பி, தாயின் பெயரில் வாங்கிய மாடிவீடு அது. நான் அங்கே சும்மா இருந்து சாப்பிடவில்லை. சமையல் என் கையில், சந்தை என் கையில், தண்ணீர்க் குழாய் உடைந்தால் சிங்களத்தில் ஆளைக் கூப்பிட்டுச் சண்டை பிடிப்பதும் நான்தான். எனக்குப் படிப்புக் குறைவு. ஆனால் ஒரு முகம் எதையாவது மறைத்தால் எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து மணி அழைப்பைத் தவறவிடாத மச்சாள் ஒருநாள் ஐந்து மணிக்குச் சற்று முன் சேலை மாற்றி, கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அது அடித்தது, ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. நான் தொடவில்லை. இருட்டுப்பட வந்தவரிடம் கேட்டேன்.

"எங்கை மச்சாள் போட்டு வாறியள்?"

"கடைக்கு."

"பை வெறுமையாக் கிடக்கு."

"கடை பூட்டு."

வெள்ளவத்தையில் அந்த நேரத்துக்கு எந்தக் கடை பூட்டியிருக்கும்? நான் சோற்றை வடித்தேன். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். பகல் நித்திரையை விட்டார், தொலைக்காட்சி நாடகத்தை விட்டார். குளியலறைக்குள் நின்று தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். கதவில் காது வைத்தேன், தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. வயதான ஒருவர் பழக்கத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும். சும்மா மாறமாட்டார்கள்.

அந்தக் கிழமையே வீட்டுப் புரோக்கர் ஒருவர் வந்து ஒழுங்கையில் நின்று எங்கள் பல்கனியைப் படமெடுத்தார். யார் அனுப்பியது என்று வாயிற்காவலாளியைக் கேட்டேன். "கனடா மாத்தயாவாம்" என்றார். கனடா ஐயா என்றால் மச்சாளின் மகன்தான். எனக்கு விளங்கிவிட்டது. தாயும் மகனுமாகச் சேர்ந்து வீட்டை விற்கப் போகிறார்கள், மச்சாள் விசா வேலையாக அலைகிறார், எனக்குச் சொல்லாமல் பிளேன் ஏறப் போகிறார். நான் எங்கே போவது? கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டை இடித்து அதன்மேல் மாடி எழும்பிவிட்டது. யாருடைய வாசலிலும் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் பின்னாலே போனேன். மச்சாள் காலி வீதியைக் கடந்து, கடலுக்கு எதிர்ப்பக்க ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்பி, நோனா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சிங்களப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்தார். ஓய்வுபெற்ற ரீச்சர் என்று அந்த ஒழுங்கையில் பூ விற்கிறவள் சொன்னாள். ரீச்சரோ, புரோக்கரின் தாயோ, யார் கண்டது? யன்னலோரம் ஒதுங்கி நின்றேன். உள்ளே மச்சாளின் குரல், பள்ளிப் பிள்ளை மாதிரி இழுத்து இழுத்து வந்தது.

"கெதர... விக்குணன்னே நே."

வீடு விற்கமாட்டேன் என்கிறார்.

"ஹையியென் கியன்ன," என்று அந்த நோனா சிரித்தார். சத்தமாகச் சொல்லட்டுமாம்.

மச்சாள் சத்தமாகச் சொன்னார். தெருவுக்கே கேட்டது. அவர் வெளியே வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.

வெளியே வந்தவர் என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. "ஆ, உளவுப்படை வந்திட்டுதோ?" என்றார்.

"சிங்களம் வேணுமெண்டா என்னைக் கேட்டிருக்கலாமே மச்சாள்!"

"உம்மடை சிங்களம் மீன் வாங்கிற சிங்களம். எனக்குக் கந்தோர்ச் சிங்களம் வேணும். பெடியன் வீட்டை விக்கக் கையெழுத்துக் கேக்கிறான். நான் மாட்டனெண்டு ஆர் முன்னாலும் என்ரை வாயாலை சொல்லவேணும். இன்னொராள் மொழிபெயர்த்தா அவையின்ரை சொல்லாப் போயிடும்."

"அதுக்கு ஏன் அவன் கதைக்கிற நேரம் பார்த்துப் போறியள்?"

வீதியைக் கடக்க என் கையைப் பிடித்தார். "அந்த நேரம் வீட்டிலை இருந்தா நான் ஓமெண்டுவன். அவன் அம்மா எண்டு கூப்பிட்டா எனக்கு வேறை சொல் வாயிலை வராது. பத்துப் பன்னிரண்டு வருசம் அந்த ஒரு அழைப்புக்காக மிச்சப் பொழுதெல்லாத்தையும் சும்மா இருந்து கழிச்சிட்டன். இனியும் கழிக்க என்னட்டை எவ்வளவு கிடக்கு?"

நான் அதை முழுக்க நம்பவில்லை. ஆனால் அன்று தொடக்கம், அவர் வெளிக்கிட முதல் தேநீரை நான் ஆற்றி வைத்தேன்.

பிறகு அவர் தானே காணி பதியும் கந்தோருக்கும் உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசிடமும் ஏறி இறங்கினார். என்னை வெளியே வாங்கில் இருத்திவிட்டு உள்ளே தனியாகப் போனார். கதவுக்கு வெளியே அவருடைய உடைந்த சிங்களம் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் உயிரோடு இருக்கும்வரை என்னை அந்த வீட்டைவிட்டு எழுப்ப முடியாதபடி எழுதிவைத்துவிட்டு, போன வருடம் மச்சாள் காலமானார். எனக்காகத்தான் செய்தாரா, மகனோடு பிடித்த வீம்புக்குச் செய்தாரா? இன்றைக்கும் இரண்டு பக்கமும் யோசிக்கிறேன். நல்லவர்களையும் ஒரு கண்ணைத் திறந்துவைத்தே பார்க்கவேண்டும். ஆனால் இரவில் கதவைப் பூட்டிப் படுக்கும்போது, அது என் கதவு என்ற நினைப்பு வரும்.

இப்போது ஐந்து மணிக்கு நான் அந்த நோனாவிடம் போகிறேன். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. இந்த நகரம் நாளுக்கொரு சட்டம், நாளுக்கொரு கடதாசி என்று ஓடுகிறது. எவராவது எதையாவது நீட்டி "இதிலை கையெழுத்து வையுங்கோ அம்மா" என்றால், அதில் என்ன இருக்கிறது என்று இன்னொருவரைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. எழுத்துகள் எல்லாம் உருண்டையாக, ஒன்றைப்போல் ஒன்றாக இருக்கின்றன. மெதுவாகப் பிடிபடுகின்றன.

தாய் இருக்கும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசாத மச்சாளின் மகன் இப்போது எனக்கு அடிக்கடி அழைப்பு எடுக்கிறார். போன கிழமை நான் நோனாவிடம் வெளிக்கிட்டுக் கதவடியில் நிற்கும்போது எடுத்தார்.

"மாமி, சுகமா இருக்கிறியளோ? இந்த நேரத்திலை ஒரு நாளும் உங்களைப் பிடிக்க ஏலாமல் கிடக்கு. எங்கை போறனியள்? வீட்டுக்கு ஆரும் வந்து போயினமோ?"

குரலில் பாசமும் இருந்தது. பாசத்துக்கு அடியில் இருந்த சந்தேகமும் எனக்குத் தெரிந்தது, நானே வெகுநாள் பழகிய சாமான் அது.

"தம்பி, உங்களுக்கு வேலைக்கு நேரம் போகுது, பார்த்து ஓடுங்கோ," என்றேன். அவர் வைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.