யாரும் சாகாத நாவல்கள்

"யாரும் சாகாத நாவல் ஒண்ணு வேணும்" என்று மதுரைப் புத்தகக் கடைக்காரரிடம் போனில் கேட்ட அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொடைக்கானலில் மாமாவின் பேக்கரியில், கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே அடுப்படியில் இருந்த மாமாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினேன். கடைக்காரர், "சமையல் புத்தகம் தரட்டுங்களாம்மா?" என்றார்.

மாமா என் அம்மாவின் தம்பி. வில்பட்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, மண்ணில் கை வைக்கப் பிடிக்காமல் மாவில் கை வைத்தவர். அத்தை பழனிக்காரர். வாசகர் வட்டத்தை ஆரம்பித்ததே அத்தைதான். மழைக்காலத்தில் சுற்றுலாக் கூட்டம் வராது. ஊரே போர்த்திக்கொண்டு படுத்துவிடும், கடைக்கு ஈதான் வரும். அப்படி ஒரு மழையில் சலித்துப்போன அத்தை, ஏழெட்டுப் பேரைப் பிடித்து உட்கார வைத்து, மாதம் ஒரு நாவல் படித்துப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். முறை வைத்து ஒவ்வொரு மாதமும் ஒருவர் நாவலைத் தேர்ந்தெடுப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையின் பின்னறையில், அடுப்பின் கதகதப்பில் கூட்டம் நடக்கும். கூட்டத்தைவிட அதற்கு முந்தைய சண்டைதான் சுவாரஸ்யமாக இருக்கும். யாருடைய தேர்வும் யாருக்கும் பிடிக்காது.

ஒரு பனிக்காலத்தில் அத்தை சில வாரங்களே நோயில் கிடந்து போய்ச் சேர்ந்தார். வட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நாங்கள் தயங்கியபோது, "அவ ஆரம்பிச்சது, அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார் மாமா. அடுத்து நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், நாங்கள் வங்கி சார் என்று கூப்பிடுகிறவர், நாவலில் வந்த ஒரு மயானக் காட்சியைக் குரல் தழுதழுக்க வாசித்துக்கொண்டிருந்தார். மாமா சட்டென்று எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வங்கி சார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இனி யாரும் சாகாத நாவலாகத்தான் எடுப்பது என்று அன்றைக்கே மாமாவுக்குத் தெரியாமல் முடிவாயிற்று. தேர்வாகிற நாவலை முன்கூட்டியே படித்துப் பார்த்து அனுமதி தரும் வேலை என் தலையில் விழுந்தது.

அது எவ்வளவு கடினமான வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நாவலாசிரியர்களுக்கு ஆளைக் கொல்லாமல் கதையை நகர்த்தத் தெரியவில்லை. கல்யாணத்தில் தொடங்கும் நாவலை நம்பி எடுத்தால், பந்தி முடிவதற்குள் பெண்ணின் தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாவலில் நாய் மட்டும் செத்தது. நாய் கணக்கில் சேருமா என்று இரண்டு நாள் விவாதம். இன்னொன்றில் ஒரு பெரியவர் கடைசிப் பக்கத்தில் இமயமலைக்குக் கிளம்பிப் போனார். "போனவர் திரும்பி வந்ததா எழுதலையேம்மா, சந்தேகமாத்தான் இருக்கு" என்று வங்கி சார் அதையும் தள்ளிவிட்டார். மிஞ்சியவை எல்லாம் காதல், ஊடல், கல்யாணம். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மாமா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, சுடச்சுட பன் வைத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அத்தையின் பெயரை நாங்கள் எடுப்பதில்லை. அவரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். மாட்டு டாக்டர், பெரியகுளத்துப் பெண். அடுக்கம் பக்கம் ஏதாவது பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, அதே பூட்ஸோடு கூட்டத்துக்கு வந்துவிடுவார். அவருடைய முறை வந்த மாதம் எனக்கு ஊரில் பூண்டு அறுப்பு. கடைக்குத் திரும்பியபோது அவர் தேர்ந்தெடுத்த நாவல் எல்லோர் கைக்கும் போயிருந்தது. அன்று மாலை வீடு திரும்பும் வில்பட்டி பஸ்ஸில் படித்துக்கொண்டே போனவள், பாதிப் புத்தகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதாநாயகனின் மனைவி செத்துப்போகிறாள். அதுவும் ஒரு பனிக்காலத்தில், சில வாரங்களே நோயில் கிடந்து.

மறுநாள் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க? வாங்க, வெரசாப் போய் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிருவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் போனபோது மாமா கல்லாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தார். டாக்டரம்மா ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. வங்கி சார் நாவலில் வரும் மேகங்களைப் பற்றிப் பேசினார், ஆற்றைப் பற்றிப் பேசினார், மறுபடியும் மேகங்களுக்கே வந்தார். மாமா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் அந்தப் பொம்பள சாகுற எடத்த மட்டும் தாண்டித் தாண்டிப் போறீங்க. நான் அதைப் பத்திப் பேசலாமா?"

எல்லோரும் அவரை நிமிர்ந்து பார்த்தோம்.

"எழுதுனவரு ஆள் சாகுறதப் பார்த்ததே இல்ல போல. சாகக் கெடக்குறவ ரெண்டு பக்கத்துக்கு அழகழகாப் பேசுறா. நிலாங்கிறா, அடுத்த சென்மங்கிறா. எங்க வீட்டுல கடைசியா எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? கீழ கடையில பன்னு கருகுற வாசம் வருது, இங்க என்ன சோலி, எந்திரிச்சுப் போய்ப் பாருங்கன்னா. நான் போய்ப் பார்த்தேன். நெசமாவே கருகித்தான் கெடந்துச்சு."

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். சிரித்துவிட்டுப் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் மாமாவே சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிய. அதைப் பார்த்ததும் எங்களால் அடக்க முடியவில்லை. அறையே குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் வங்கி சார் மெல்லக் கேட்டார். "அப்ப அன்னைக்கு, நான் வாசிச்சப்ப எந்திரிச்சுப் போனீங்களே?"

"ரொட்டி அடுப்புல இருந்துச்சு சார். எடுக்க வேணாமா?"

இரண்டு வருடமாக நாங்கள் செய்துவந்ததை அப்புறம் மறைக்க முடியவில்லை. நான்தான் சொன்னேன். மாமா என் பக்கம் திரும்பினார். "அதானே பார்த்தேன். மாசா மாசம் கல்யாணச் சாப்பாடு மாதிரி எனக்குத் தெவிட்டிப்போச்சு தாயி" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நான் வேற நெனச்சேன். யாரும் அவ பேரையே எடுக்கலையா, அதுக்குள்ள எல்லாரும் அவளை மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு வலிக்கக் கூடாதென்று நாங்கள் மௌனமாக இருந்தோம். அந்த மௌனத்தில் அவர் இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அன்று பன் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் இருட்டும்வரை அத்தையைப் பற்றியே பேசினோம். நாவலுக்குத் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் தேர்வுக்கு எந்தத் தடையும் இல்லை. கொலை, கொள்ளைநோய், தற்கொலை எல்லாம் படிக்கிறோம். எந்த நாவலைப் பேசினாலும், "எங்க வீட்டுல ஒரு தடவை" என்று மாமா ஆரம்பித்துவிடுவார். மூடுபனியில் கடை வாசலில் நின்ற காட்டுமாட்டைப் பால்காரரின் மாடு என்று நினைத்து அத்தை துடைப்பத்தால் அடித்து விரட்டியது எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அத்தை இருந்தபோது அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, இப்போது தெரிந்ததில் பாதி இருக்காது.

இந்த வருடம் தபால் அலுவலகத்துக்குப் பெரும்பாறையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் வட்டத்தில் சேர்ந்தார். அதிகம் பேசாதவர். போன கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது என்னிடம் கூச்சத்தோடு வந்தார்.

"அக்கா, காட்டுமாட்டத் தொடப்பத்தால அடிச்சாங்களே ஒரு அம்மா, அவங்க வர்ற நாவலு எதுங்க? நான் சேர்றதுக்கு முன்னாடி படிச்சீங்க போல. எல்லாரும் அவங்களப் பத்தியே பேசுறீங்க. எனக்கும் ஒரு தடவை குடுத்தீங்கன்னா படிச்சிட்டுத் தந்திருவேன்."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது கடையில கெடைக்காதும்மா. உக்காருங்க. எந்த எடத்துல இருந்து சொல்லட்டும்?"

"மொதல்ல இருந்தே சொல்லுங்க" என்றார் அவர், உட்கார்ந்தபடி.

"பழனி அடிவாரத்துல, ஒரு பஞ்சாமிர்தக் கடையில ஒரு பொண்ணு இருந்துச்சு" என்று மாமா ஆரம்பித்தார்.