பேஸ்மென்றில் ஒரு ஏஜென்சிக்காரன்

சந்திரவதனாவுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கனடாவில், ரெக்ஸ்டேலில் வீடு வாங்கிய நாள்முதல், பேஸ்மென்ற் என்கிற நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருந்த அத்தனை பேரையும் அவள் உளவு பார்த்திருக்கிறாள். குப்பைப் பையைக் கிளறியே ஆளின் சாதகத்தைச் சொல்லிவிடுவாள். "உனக்கு உலகத்திலை எல்லாரும் கள்ளர்" என்பார் மொன்றியலுக்கு லொறி ஓடும் அவளுடைய புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா. "கள்ளனில்லாத ஒருத்தனைக் காட்டுங்கோவன் பாப்பம்" என்பாள் அவள்.

விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. பாண், பட்டர், பழத்துண்டு என்று நாள் முழுக்கத் தட்டில் அடுக்குவாள். அந்தத் தட்டுகள் எந்த ஊருக்குப் போனால் அவளுக்கென்ன? ஊரில் சண்டை முடிந்த அந்த வைகாசிக்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே கவலை, தம்பி பிரசாந். முள்ளிவாய்க்காலில் அவனைக் கடைசியாகக் கண்டதாக ஒருவர் சொன்னார். முகாமிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பேஸ்மென்றில் இருந்த அன்புராசா நல்ல வேலையை விட்டுவிட்டு, முதுகில் மாட்டும் பெரிய பையொன்றோடு வந்து நின்றான்.

"எங்கை தம்பி பயணம்?"

"தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாப் பக்கம் அக்கா. அங்கை இருக்கிற தீவுகளைச் சும்மா சுத்திப் பாக்கப் போறன்."

"சும்மாவோ? ஆரோடை?"

"தனியத்தான்."

"எங்கை தங்குவீர்?"

"மலிவான இடங்கள் இருக்கு. ஒரு அறைக்குள்ளை எட்டுப்பேர் படுக்கலாம். ரெண்டு நாள் ஓரிடம், பிறகு படகிலை அடுத்த தீவு."

சந்திரவதனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவளும் அப்படித்தானே கனடாவுக்கு வந்தாள்! கள்ளவழியில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் எல்லாரையும் அடைத்து, ஜன்னலைத் திறக்கவும் விடாமல் இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தான். அந்தச் சீரழிவை ஆசைக்காகப் படுகிறவன் உண்டோ? வெள்ளைக்காரன் படுவான், அவன் என்னவும் செய்வான். யாழ்ப்பாணத்தான் படுவானா? போன மாதம்தான் தாய்லாந்துப் பக்கமிருந்து, அகதியாய் வந்த எங்கள் ஆட்களோடு கப்பலொன்று வன்கூவர்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. இவன் அடுத்த கப்பலுக்கு ஆள் சேர்க்கத்தான் போகிறான், சத்தியமாக அதுதான்.

அன்றுதொட்டு அவள் காது பேஸ்மென்ற் படிக்கட்டிலேயே கிடந்தது. படகு எத்தனை மணிக்கு, எத்தனை பேர் ஏறலாம் என்று அவன் போனில் இங்கிலீசில் விசாரிப்பது கேட்டது. நுளம்பு வலை வாங்கினான், வயிற்றோட்டக் குளிசை வாங்கினான். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஸ்ரீஸ்கந்தராசா பயந்துவிட்டார். "பொலிசுக்குச் சொல்லுவமே? பிறகு எங்களையும் சேத்தெல்லோ பிடிப்பாங்கள்."

"வாயைப் பொத்துங்கோ! ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது" என்று சீறினாள்.

மனிசன் திகைத்துப் போனார். அயலட்டம் முழுவதையும் காட்டிக்கொடுக்கக்கூடியவள், இவனை ஏன் மறைக்கிறாள்? அதோடு நின்றாளா? அடுத்த நாளிலிருந்து இடியப்பமும் சொதியும் கீழே இறங்கத் தொடங்கின.

அவன் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் சந்திரவதனா கீழே போய்க் கதவைச் சாத்தினாள்.

"தம்பி, எனக்கு எல்லாம் விளங்கும். நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்." ஒரு படத்தை நீட்டினாள். "இது என்ரை தம்பி. காதடியிலை தழும்பு இருக்கு. நீர் கூட்டிக்கொண்டு வாற ஆக்களுக்குள்ளை இவன் நிண்டானெண்டால்…"

அன்புராசா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயோ அக்கா, நான் ஏஜென்சி இல்லை. சண்டை முடிஞ்ச நாள்தொட்டு எனக்கு நித்திரையில்லை. இந்தக் கதை ஒண்டும் காதிலை விழாத ஒரு கடற்கரையிலை போய்க் கிடக்கவேணும். அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதையும்!" அவள் படத்தை இன்னும் கிட்ட நீட்டினாள். "நீர் ஏஜென்சிதான். ஓமெண்டு சொல்லும் தம்பி. உம்மைக் கும்பிட்டன், ஓமெண்டு ஒருக்காச் சொல்லும்."

அவன் கட்டிக்கொண்டிருந்த பையை ஒதுக்கி வைத்தான். பிறகு படத்தை வாங்கினான்.

"ஓம் அக்கா. பாக்கிறன்."

அவன் சொன்னது பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. "காதடித் தழும்பு வலப்பக்கம், மறந்திடாதையும்" என்றாள்.