பேச்சி கொண்டுவந்த சீன வாட்ச்

என் வீட்டுக்காரர் ஜக்கையன் போடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முன்கோபி. வாட்சைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் கடைவாசலிலேயே நிறுத்தித் திட்டுவார். ஆனாலும் தேவாரம் ஊரிலிருந்துகூட ஆள் வரும், வேலை அவ்வளவு சுத்தம். அந்தப் பெயர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

வைகாசியில் பேச்சி வந்தாள். மலையில் ஏலத் தோட்ட வேலை. இறந்துபோன புருஷன் வீரையா கட்டியிருந்த சீன வாட்ச், சாவி கொடுக்கிற பழைய ரகம், ஓடாமல் கிடந்தது. மகள் கல்யாணத்தில் அதை மாப்பிள்ளைக்குக் கட்ட வேண்டுமாம்.

"மோதிரம் போட வக்கில்லண்ணே. அவுக வாட்சாச்சும் ஓடணும். நின்ன வாட்சக் கட்டுனா காலம்பூரா எம் மகளச் சொல்லிக் காட்டுவாக."

இவர் திட்டிக்கொண்டே வாங்கிவைத்தார். உள்ளே ஆடி ஆடி வாட்சை ஓட்டுகிற பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு ஒடிந்திருந்தது. இதற்குப் புது உதிரிக்கு எங்கே போவது? மதுரையில் நாயாய் அலைந்து அதே ரகத்தில் ஓர் உடைசல் வாட்சைப் பிடித்துவந்தார். அதிலிருந்து கழற்றிய பேலன்ஸ் இதில் உட்காரவே இல்லை. ஆன்லைனில் இன்னோர் உடைசல் வாங்கினார். அதிலிருந்தது பொருந்தியது. மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்.

பத்தே நாளில் வாட்ச் திரும்பி வந்தது. எண்ணெய் வற்றி, சக்கரமெல்லாம் துரு. கழுவி, துருப்பிடித்ததையெல்லாம் இரண்டு உடைசல்களிலிருந்தும் மாற்றிக் கொடுத்தார். மறுபடியும் வந்தது, அதே துரு. "இத சீனாக்காரன் செஞ்சானா, எமன் செஞ்சானா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் சோறு ஆறிப்போய் எனக்கும் எரிச்சலான எரிச்சல்.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது கல்யாணத்துக்கு நாலு நாள்தான் பாக்கி.

"மழையில கட்டிக்கிட்டுத் திரியிறியா?"

"அய்யோ, இல்லண்ணே! ஈரம் ஏறக் கூடாதுன்னு தெனமும் சோலி முடிஞ்சதும் ஸ்டோர்ல ஏலக்காயோட காய வக்கிறேன். செல்லு, சுவெட்டரு எல்லாம் நாங்க அங்கதான காய வக்கிறது."

பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அறை! எண்ணெயை வற்றவைக்க அடுப்புச் சூடு ஒரு பக்கம், துருவேற்றக் காய் விடுகிற ஆவி ஒரு பக்கம்.

"ஏத்தா, ஒனக்குக் கூறு இருக்கா? வாட்சு என்ன ஏலக்காயா, போட்டு வாட்டி எடுக்க?" இவர் போட்ட சத்தத்தில் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

"நல்லதுன்னு நெனச்சுத்தாண்ணே..." பேச்சி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

உடைசல் இரண்டிலும் இனி எடுக்க ஒன்றுமில்லை. பேலன்ஸை ஆட்டுகிற மயிரிழைச் சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் இருந்த துருவைச் சுரண்டி அதையே திரும்பப் போட்டார். ஓடியது. ஆனால் எந்த நிமிஷம் நிற்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

ராசிங்காபுரம் மண்டபத்தில் கல்யாணம். பயந்துகொண்டே நானும் இவரும் போனோம். பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளைக்கு வாட்சைக் கட்டியதும் மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். முள் நகரவில்லை.

"என்னம்மா இது? நின்னுபோன வாட்சவா எம் மகனுக்குக் கட்டுவீக?"

கூட்டம் முணுமுணுத்தது. இவர் விறுவிறுவென்று மேடையில் ஏறினார்.

"அய்யா, அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீக. ஓடுற வாட்சத்தான் எண்ணெய் போடக் குடுத்துச்சு. போடியில ரிப்பேர் கடை வச்சிருக்கேன். நாந்தான் பிரிச்சுக் கெடுத்துப்புட்டேன்."

"நல்ல மெக்கானிக்குய்யா! இனி எவன் அந்தக் கடைக்குப் போவான்?" என்று எவனோ கத்த, மண்டபமே சிரித்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்ததைச் சொல்ல எழுந்தேன். இறங்கி வந்த இவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"சும்மா இரு, காளி. மாப்பிள்ளையோட ஆத்தா, பேச்சி கையப் பிடிச்சுப் பந்திக்குக் கூட்டிட்டுப் போறா, பாரு."